45 வயதோடு முடிந்த பதிவேடு



பெங்களூரில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவர் ஒருவர் போன மாதம் போனில் கேட்டார். "சார், ஊர்ல அப்பாவுக்கு 68 ஆச்சு. ஒரு தடவை செக்கப்புக்கு வாங்கன்னு கூப்பிட்டா வரவே மாட்டேங்கிறார். கல்லு மாதிரி இருக்கேன், எனக்கென்னங்கிறார். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சார்." இதே கேள்வியை வேறு வேறு வார்த்தைகளில் உங்களில் பலர் கேட்டிருக்கிறீர்கள். கேட்டவர்கள் எல்லோரும் சொன்ன காரணமும் ஒன்றுதான்: பிடிவாதம்.

நான் வரலாறு சொல்லிக்கொடுத்தவன். ஒரு வீட்டில் ஒரு பெரியவர் பிடிவாதம் பிடித்தால் அது அவர் குணம் என்று விட்டுவிடலாம். ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு எல்லாப் பெரியவர்களும் ஒரே மாதிரி நடந்துகொண்டால் அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கத்தான் வேண்டும். அதைத்தான் இன்று எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். நோய் இல்லாதவர் மருத்துவரிடம் போய்ச் சோதித்துக்கொள்வது உலகத்திலேயே புதிய பழக்கம். குறிப்பிட்ட கால இடைவெளியில் எல்லோரையும் பரிசோதிக்க வேண்டும் என்று இங்கிலாந்தில் ஹொரேஸ் டோபெல் என்ற மருத்துவர் எழுதியது 1861-ல். கையில் பட்டை சுற்றி ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை இத்தாலியின் ரிவா ரோச்சி கொண்டுவந்தது 1896-ல். ஸ்டெதாஸ்கோப்பை முழங்கை மடிப்பில் வைத்துக் கேட்டு இரண்டு அளவுகளையும் சொல்லும் முறையை ரஷ்யாவின் கொரட்கோவ் கண்டுபிடித்தது 1905-ல். எந்தத் தொந்தரவும் தராத ஒரு நோயை அளந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியும் என்பதே 120 வருடச் சங்கதிதான்.

நம் பக்கம் அந்தக் கருவி யார் கையில் முதலில் சுற்றப்பட்டது? அரசு வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு உடல் தகுதிச் சான்று வேண்டும். நானும் ஆசிரியர் வேலையில் சேர்ந்தபோது அப்படித்தான் முதன்முதலாக எடை, பார்வை, பிபி எல்லாம் பார்த்துக்கொண்டேன். 1956-ல் எல்.ஐ.சி. வந்த பிறகு பெரிய தொகைக்குப் பாலிசி எடுத்தவர்களுக்கு மருத்துவச் சோதனை இருந்தது. மாதச் சம்பளக்காரனுக்கு இப்படி ஒரு காரணம் கிடைத்தது. கரிசலில் பருத்தியும் கம்பும் போட்டவருக்கும் கூலிக்குக் களை எடுத்த அம்மாவுக்கும் அப்படிச் சோதித்துக்கொள்ள வாழ்நாளில் ஒரு காரணமும் வரவில்லை.

அப்படியானால் அரசாங்கம் கிராமத்துக்கு வரவே இல்லையா என்று கேட்பீர்கள். நன்றாகவே வந்தது. சென்னை மாகாணத்தில் பொது சுகாதாரத் துறை 1922-ல் உருவானது. 1939-ல் பொது சுகாதாரத்துக்கென்றே தனிச் சட்டம் போட்டார்கள். இந்தியாவில் அப்படிச் சட்டம் போட்ட முதல் மாகாணம் நம்முடையதுதான். அம்மை குத்துகிறவர் வீடு வீடாக வந்தார். 1953-ல் மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிய பிறகு டி.டி.டி. அடிக்கிறவர்கள் வந்தார்கள். காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டு, விரலில் ஊசி குத்தி ஒரு துளி ரத்தம் எடுத்து, சுவரில் தேதி எழுதிவிட்டுப் போன ஊழியரை உங்கள் தாத்தா பாட்டிக்கு நினைவிருக்கும். யாரும் அவரை விரட்டவில்லை. எடுத்துக்கொண்டு போன ரத்தத்தை என்ன செய்தார்கள் என்று தெரியாமலே விரலை நீட்டினார்கள். இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டும்.

சுதந்திரத்துக்கு முந்தைய ஆண்டு, 1946-ல், சர் ஜோசப் போர் தலைமையிலான குழு அறிக்கை கொடுத்தது. முதல் கட்டமாக 40,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் வேண்டும் என்றது. 1952 முதல் அவை வரத் தொடங்கின. அந்தக் காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் 32 ஆண்டுதான். பிறந்த குழந்தைகளில் ஏராளமானவை முதல் பிறந்தநாளைக் காணவில்லை. பிரசவத்தில் தாய்மார்கள் செத்தார்கள். காலராவும் அம்மையும் ஊரைக் காலி செய்தன. அந்த நிலையில் 60 வயதுக்காரரின் ரத்த அழுத்தத்தைப் பற்றி யார் கவலைப்பட முடியும்? தாயையும் சேயையும் முதலில் காப்பாற்று என்றுதான் எந்த நல்ல அரசும் நினைக்கும். நினைத்ததைத் தமிழ்நாடு செய்தும் காட்டியது. இன்று பிரசவ மரணத்திலும் சிசு மரணத்திலும் நாட்டிலேயே குறைந்த அளவு உள்ள மாநிலங்களில் நாமும் ஒன்று. அதற்கு வெயிலில் நடந்த கிராம சுகாதார செவிலியர்கள்தான் காரணம். ஊரில் 'நர்சம்மா' என்று கூப்பிடுவோமே, அவர்கள்தான்.

அந்த நர்சம்மாவின் தோள்பையில் இருந்த நோட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். கணக்கெடுப்பு வேலைக்கு எங்களையும் போடுவார்கள். அப்போது ஒரே திண்ணையில் உட்கார்ந்து எழுதுவோம். தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு, கர்ப்பிணிகள் பதிவேடு, தடுப்பூசிப் பதிவேடு. தம்பதியர் பதிவேட்டில் மனைவிக்கு 15 முதல் 45 வயது வரை கணக்கு. பிற்காலத்தில் 49 வரை நீட்டினார்கள். அதைத் தாண்டிய பெண்ணின் பெயர் மறு வருட நோட்டில் இருக்காது. ஆணின் பெயர் கணவன் என்ற முறையில்தான் இருக்கும். மாதாமாதம் மேலிடம் நர்சம்மாவிடம் கேட்ட கணக்கும் இதுதான்: எத்தனை கர்ப்பிணி, எத்தனை ஊசி, எத்தனை ஆபரேஷன். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்குக் கணக்கில் இடம் இல்லை. நர்சம்மா அந்தப் பாட்டியிடம் மருமகள் எங்கே என்று கேட்டுவிட்டு உள்ளே போவார். புதன்கிழமை என்றால் தடுப்பூசி நாள், அன்றைக்கு அங்கன்வாடிக்குப் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவதும் அதே பாட்டிதான். பாட்டியின் கையைப் பிடித்துப் பார்க்கச் சொல்லி யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை.

ஐம்பது வருடம் இப்படி நடந்தால் ஒரு தலைமுறை என்ன கற்றுக்கொள்ளும்? சுகாதார நிலையம் சின்னஞ்சிறுசுகளுக்கு. நமக்கு உடம்பு முடியாமல் போனால் மட்டும். இதை அவர்கள் புத்தகத்தில் படிக்கவில்லை. அனுபவத்தில் படித்தார்கள்.

என் பெரியப்பா ஒருவர் இருந்தார். உறவினர்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். 62 வயது வரை மண்வெட்டியைக் கீழே வைத்ததில்லை. 1983-ல் ஒரு நாள் காலை தோட்டத்தில் வலது கை வலது கால் இழுத்துக்கொண்டு விழுந்தார். வாய் கோணிவிட்டது. மாட்டு வண்டியிலும் பஸ்ஸிலுமாகக் கொண்டுபோனோம். அவர் கையில் பிபி பட்டை சுற்றப்பட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. மருத்துவர், "இது பல வருஷமா இருந்திருக்கும்" என்றார். அதன் பிறகு ஏழு வருடம் கட்டிலிலேயே கிடந்தார். பெரியம்மாதான் பார்த்துக்கொண்டார். அந்த ஏழு வருடத்தில் பெரியம்மாவின் கையில் யாரும் பட்டை சுற்றிப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

முதியவர்களைத் தேடிக் கிராமத்துக்கு முதலில் வந்தவர்கள் கண் மருத்துவர்கள் என்று சொல்லலாம். நம் கரிசல் பக்கத்து வடமலாபுரத்தில் 1918-ல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, மதுரை அரசு மருத்துவமனையில் வேலை பார்த்த காலத்திலேயே ஊர் ஊராகக் கண் முகாம் நடத்தினார். மூட்டு வாதத்தால் விரல்கள் கோணிப்போன கையோடு கண்புரை அறுவை செய்தவர் அவர். 58 வயதில் ஓய்வு பெற்று, 1976-ல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பள்ளிக்கூட வராந்தாவில் வரிசையாகத் தாத்தா பாட்டிகள் உட்கார்ந்திருக்க, டார்ச் அடித்துக் கண் பார்த்த ஞாயிற்றுக்கிழமைகள் நம் மாணவர்கள் பலருக்கு நினைவிருக்கும். தொண்டு செய்ய வந்தவர்கள்தானே நீங்கள்!

ஆனால் அந்த முகாம்களைப் பற்றிய ஓர் ஆய்வு 1999-ல் வெளிவந்தது. முகாம் நடந்த ஊர்களில் கண் குறை உள்ள பெரியவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் சுமார் 7 சதவீதம் மட்டுமே. இலவசமாக, பக்கத்திலேயே நடந்தும் 93 பேர் வரவில்லை. பயம், செலவு, வீட்டுப் பொறுப்பு என்று காரணம் சொன்னார்கள். அரவிந்த் மருத்துவமனை கிராமவாசிகளைக் குறை சொல்லிக்கொண்டு நிற்கவில்லை. 2004 முதல் சிற்றூர்களில் நிரந்தரமாகவே சிறு கண் மையங்களைத் திறக்க ஆரம்பித்தது. எப்போதோ ஒரு நாள் வரும் முகாமைவிட எப்போதும் திறந்திருக்கும் சின்ன இடம் மேல் என்று கண்டுகொண்டார்கள்.

வராததற்கு உள்ள நடைமுறைக் காரணங்களையும் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். சர்க்கரை பார்க்க வேண்டுமானால் வெறும் வயிற்றில் போக வேண்டும். முதல் பஸ்ஸைப் பிடித்து, சீட்டுக்கு நின்று, ரத்தம் கொடுத்து, பிறகு சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் காத்திருந்து மறுபடி ரத்தம் கொடுத்து ஊர் திரும்பும்போது மத்தியானம் தாண்டிவிடும். கூலிக்காரருக்கு அன்றைய கூலி போயிற்று. மாடு வைத்திருப்பவருக்குத் தண்ணீர் காட்ட ஆள் இல்லை. துணைக்கு வர மகன் ஊரில் இல்லை. வலியோ காய்ச்சலோ இருந்தால் இவ்வளவும் செய்யலாம். ஒன்றும் இல்லாமல் எதற்கு? அதோடு, நோய் என்று சொல்லிவிட்டால் மாத்திரைச் செலவு பிள்ளைகள் தலையில் விழுமே என்ற நினைப்பும் உண்டு. இதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். 'கல்லு மாதிரி இருக்கேன்' என்பார்கள்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. ஜப்பானிலும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. நாகானோ என்ற மலை மாவட்டத்தில் சாக்கு என்ற பகுதியில் ஒரு சிறிய விவசாயிகள் மருத்துவமனை. 1945-ல் தோக்கியோவிலிருந்து டாக்டர் வாகாட்சுகி தோஷிகாசு அங்கே வந்து சேர்ந்தார். முற்றிய நோயோடுதான் விவசாயிகள் வருகிறார்கள் என்பதைப் பார்த்தார். சக ஊழியர்களைக் கூட்டிக்கொண்டு கிராமங்களுக்குப் போனார். வைத்தியம் பார்த்ததோடு, நாடகம் போட்டு விளக்கமும் சொன்னார். வெளியே தெரியாத நோயை அவர் இரண்டு வகையாகப் பிரித்தார். ஒன்று, நோய் இருப்பதே தெரியாதது. மற்றொன்று, தெரிந்தும் பொறுத்துக்கொண்டிருப்பது. நம் வீட்டு அம்மாக்களை நினைத்துக்கொள்ளுங்கள், இரண்டாவது வகை புரிந்துவிடும்.

1959-ல் பக்கத்திலிருந்த யாச்சிஹோ என்ற கிராமத்தோடு சேர்ந்து, ஊர் முழுவதையும் ஆண்டுதோறும் பரிசோதிக்கும் ஏற்பாட்டைத் தொடங்கினார். ஒவ்வொருவருக்கும் ஓர் உடல்நலக் கையேடு. ஊர்க்காரர்களிலிருந்தே தேர்ந்தெடுத்த சுகாதார வழிகாட்டிகள் வீடு வீடாகச் சொல்லி அழைத்தார்கள். அந்தப் பணிக்காக 1976-ல் வாகாட்சுகிக்கு மகசேசே விருது கிடைத்தது. 1982-ல் ஜப்பான் முழுவதற்கும் சட்டம் வந்தது: 40 வயது கடந்தவர்களுக்கு உள்ளாட்சிகள் உடல் பரிசோதனை நடத்த வேண்டும். ஒரு காலத்தில் உப்பு ஊறுகாய்க்கும் பக்கவாதத்துக்கும் பேர்போன நாகானோ, பிறகு ஜப்பானிலேயே ஆயுள் அதிகமுள்ள மாவட்டங்களில் ஒன்றாகிவிட்டது. அதற்குப் பரிசோதனை மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். உப்பைக் குறைத்தார்கள், முதுமையிலும் வயலில் வேலை செய்தார்கள். ஆனால் உப்பைக் குறைக்கச் சொல்லவும் யாராவது ஒருவர் வாசலுக்கு வர வேண்டியிருந்தது.

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். முதியோர் மருத்துவம் என்ற துறையை இந்தியாவில் முதலில் தொடங்கியதும் தமிழ்நாடுதான். சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978-ல் டாக்டர் வி.எஸ். நடராஜன் அதைத் தொடங்கினார். ஆனால் அது சென்னையில் இருந்தது. 1990-களின் இறுதியில் சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி சென்னைக்கு வெளியே கிராமங்களில் ஒரு காரியம் செய்தார். உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, சுமார் 25,000 பேரை வீட்டுக்கே போய்ச் சோதிக்க வைத்தார். பிபி பார்ப்பது, சிறுநீரில் சர்க்கரையும் புரதமும் இருக்கிறதா என்று பார்ப்பது, அவ்வளவுதான். நோய் தெரிந்தவர்களுக்கு விலை குறைந்த பழைய மாத்திரைகளே கொடுக்கப்பட்டன. நபருக்கு ஆண்டுக்குச் சில ரூபாய்தான் செலவு. பெரிய கட்டடமும் பெரிய எந்திரமும் இல்லாமல் இதைச் செய்ய முடியும் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

அரசும் மெல்ல நகர்ந்தது. 1999-ல் கலைஞர் ஆட்சியில் 'வருமுன் காப்போம்' முகாம்கள் வந்தன. 2007-ல் விருதுநகர், சிவகங்கை மாவட்டங்களில் முன்னோடித் திட்டமாக, அரசு மருத்துவமனைக்கு எதற்காக வந்தாலும் 30 வயது கடந்தவருக்கு பிபி பார்ப்பது தொடங்கியது. 2012-லிருந்து அது மாநிலம் முழுவதும் பரவியது. இது பெரிய முன்னேற்றம். ஆனாலும் வந்தவருக்குத்தான் பார்த்தார்கள். வராதவர் அப்படியே இருந்தார்.

அந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதை 2020-ல் தமிழ்நாட்டில் நடந்த ஒரு கணக்கெடுப்பு காட்டியது. உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அது கட்டுப்பாட்டில் இருந்தது 7.3 சதவீதத்தினருக்கு மட்டுமே. சர்க்கரை நோயாளிகளில் 10.8 சதவீதம். அதாவது, என் பெரியப்பா மாதிரி நூறு பேர் இருந்தால் 93 பேர் ஆபத்தோடுதான் நடமாடிக்கொண்டிருந்தார்கள். 1983-க்கும் 2020-க்கும் நடுவில் எத்தனை ஆஸ்பத்திரிகள் கட்டியிருப்போம்!

2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. சுய உதவிக் குழுப் பெண்கள் பயிற்சி பெற்று, பிபி கருவியும் சர்க்கரை பார்க்கும் கருவியும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். 45 வயது கடந்தவர்களுக்கும் நடமாட முடியாதவர்களுக்கும் மாத்திரை வீட்டுக்கே வந்தது. 2024-ல் ஐ.நா. அமைப்பின் விருதும் இதற்குக் கிடைத்தது. நான் கட்சி அரசியல் எழுதுவதில்லை, உங்களுக்குத் தெரியும். வரலாற்றுக்காரன் கண்ணில் இதில் பட்டது அந்த 45 என்ற எண்தான். நர்சம்மாவின் பழைய நோட்டு எந்த வயதில் பெயரை விட்டுவிட்டதோ, அதே வயதில் புதிய நோட்டு தொடங்குகிறது.

என் தெருவில் இந்தப் பெண் வரும்போது பார்க்கிறேன். டவுனுக்கு வா என்று மகன் பத்து வருடமாகக் கூப்பிட்டும் போகாத பெரியவர், திண்ணையில் உட்கார்ந்தபடியே கையை நீட்டுகிறார். "எவ்வளவும்மா இருக்கு?" என்று அவரே கேட்கிறார். பார்ப்பவள் பக்கத்துத் தெருப் பெண், அவளுடைய மாமியாரை இவருக்குத் தெரியும். பயப்பட என்ன இருக்கிறது? மலேரியா ஊழியரிடம் விரலை நீட்டிய அதே தலைமுறைதான் இது. கேட்டபோது அவர்கள் மறுக்கவில்லை. நடுவில் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

குறைகள் இல்லாமல் இல்லை. சில மாதம் மாத்திரை தாமதமாகிறது. அந்தப் பெண்களுக்குக் கொடுக்கும் தொகை மிகக் குறைவு. பார்த்து எழுதிக்கொண்டு போன எண்ணைப் பிறகு மருத்துவர் பார்க்கிறாரா என்பது ஊருக்கு ஊர் மாறுகிறது. "பிபி சரியாயிருச்சு" என்று மாத்திரையை நிறுத்திவிடும் பெரியவர்கள் இன்னும் நிறைய.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் சிலர் பெற்றோரை ஊரிலிருந்து அழைத்து வந்து ஆயிரக்கணக்கில் கட்டி 'மாஸ்டர் ஹெல்த் செக்கப்' செய்து, கடமை முடிந்தது என்று விமானம் ஏறுகிறார்கள். பாசம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் பொதுவான முழு உடல் பரிசோதனை பற்றி உலகில் நடந்த பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அறிக்கை 2019-ல் வந்தது. இரண்டரை லட்சம் பேர் சம்பந்தப்பட்டது. அப்படிப்பட்ட பரிசோதனைகளால் மரண எண்ணிக்கை ஏறக்குறைய குறையவே இல்லை என்பது அதன் முடிவு. அந்த ஆய்வுகள் பெரும்பாலும் மேலை நாடுகளில், ஏற்கெனவே மருத்துவரைப் பார்க்கும் வழக்கமுள்ள மக்களிடம் நடந்தவை; நம் கிராமத்துக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் ஒன்று தெரிகிறது. ஒரு நாளில் அறுபது சோதனை செய்து ஒரு கோப்பை பீரோவில் வைப்பதைவிட, பிபி, சர்க்கரை, கண் ஆகிய மூன்றையும் விடாமல் பார்த்து, கண்டதற்கு விடாமல் மருந்து சாப்பிடுவது முக்கியம்.

அதனால் உங்களிடம் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். பொங்கலுக்கோ திருவிழாவுக்கோ ஊருக்குப் போகும்போது அப்பாவை டவுனுக்கு இழுக்காதீர்கள். உங்கள் தெருவுக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலர் யார், எந்தக் கிழமை வருவார் என்று விசாரியுங்கள். வராவிட்டால் துணை சுகாதார நிலையத்தில் நேரில் போய்க் கேளுங்கள். 104-க்கு போன் செய்தும் விவரம் கேட்கலாம். அம்மா பெயரும் அப்பா பெயரும் அந்த நோட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்பாவுக்குப் பார்க்கும்போது அம்மா அடுப்படியில் இருந்தால் கூப்பிட்டு உட்கார வையுங்கள். பார்த்த தேதியையும் எண்ணையும் ஒரு பழைய டைரியில் எழுதி வையுங்கள். மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பு வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள். மருத்துவர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்பதை ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள்.

உங்கள் ஊரில் இந்தப் பெண்கள் ஒழுங்காக வருகிறார்களா, மாத்திரை கிடைக்கிறதா என்று கீழே எழுதுங்கள். சுகாதாரத் துறையில் வேலை பார்க்கும் நம் மாணவர்கள் சிலர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள். நான் தவறாகச் சொன்னது ஏதும் இருந்தால் அவர்கள் திருத்தட்டும்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்